ஒரு மூடி உரம்

எனக்கும் அண்ணனுக்கும் பேச்சு நின்று ஆறு வருடமாகியிருந்தது. நின்றது என்றால் சும்மா முகத்தைத் திருப்பிக்கொள்வது அல்ல. அவன் இருக்கும் அறையில் நான் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன். பிடிவாதத்தில் இரண்டும் ஒரே அச்சு என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்களுக்கெல்லாம் அம்மாவின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கக் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை.

அம்மா போனபோது நான் வேறு ஊரில் மருந்தாளுநர் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். "பரீட்சை முடியட்டும், அவகிட்ட இப்ப சொல்ல வேணாம்" என்று முடிவெடுத்தது அண்ணன். அப்பா தலையை ஆட்டினார். பரீட்சை முடித்துப் பையும் கையுமாக நான் வாசலில் வந்து நின்றபோது எல்லாம் முடிந்து, வாடகை நாற்காலிகளைக்கூடத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். பரீட்சையில் பாஸ்தான். அந்தச் சான்றிதழை எங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியாது. "இனிமே உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்று அண்ணனிடம் சொன்னேன், சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். அப்பாவோடு பேச்சை விடவில்லை. ஆனால் இவர் அவன் கட்சி என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

இந்த வருடம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே காலையில் போயின. நாற்பது வருடம் சலூன் நடத்தியவர். கத்தரி ஓடிய நேரத்தைவிட அவர் வாய் ஓடிய நேரம் அதிகம். பாதித் தலையில் கத்தரியை நிறுத்திவிட்டுக் கதையை முடிப்பார், வந்தவர் பாதி முடியோடு எழுந்து போகவா முடியும்? அந்த வாயில் இப்போது "ஆ... ஆ..." என்ற ஒரே சத்தம்தான் மிச்சம். ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் தலை ஒரே மாதிரி ஆடுகிறது. இடது கையால் எழுத வைத்துப் பார்த்தோம், கோடுதான் வந்தது.

ஆஸ்பத்திரியில் பத்து நாளும் அவர் சாப்பிட வாயைத் திறக்கவில்லை, சலைன்தான் ஏறியது. விழுங்க முடிகிறது, ஆனால் சாப்பிட மனசில்லை என்றார் டாக்டர்.

"நாம பேசறதெல்லாம் அவருக்குப் புரியுதும்மா. திருப்பிச் சொல்லத்தான் வராது. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, அவருக்குப் பிடிச்சது ஏதாவது கண்ணு முன்னாடி இருக்கட்டும். அப்பவும் சாப்பிடலைன்னா மூக்குல குழாய்தான். இந்த நிலைமையில குழாய் போட்டுட்டா திரும்ப வாயால சாப்பிட வைக்கிறது ரொம்பக் கஷ்டம்."

அப்பாவுக்குப் பிடித்தது முன்னறையில் இருந்த மீன்தொட்டி. நாலடி நீளம். மீன்தொட்டி என்று பேரே தவிர, மீன் ஒரு சாக்கு. அவருக்குச் செடிதான் எல்லாம். பின்பக்கம் நாடா நாடாவாகத் தண்ணீர் மட்டம் வரை எழும்பும் நீள இலைச் செடி, நடுவே சிவப்புத் தண்டுச் செடிகள், ஒரு மரக்கட்டை முழுக்கப் பாசி. அதற்குள் முப்பது நியான் மீன்களும் விரல் நகத்தளவு சிவப்பு இறால்களும் திரியும். கடையை மூடிவிட்டு வந்தால் நீளமான வளைந்த கத்தரிக்கோலோடு தொட்டிமுன் நின்றுவிடுவார். "இதுவும் தலைதான். கண்ணாடி காட்டுன்னு கேக்காத தலை" என்பார்.

வெட்டுவதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கை வைக்க மாட்டார். தண்டுச் செடியைக் கணுவுக்குக் கொஞ்சம் மேலே வெட்டி, வெட்டிய தலையை இடுக்கியால் மண்ணில் நடுவார். நாடா இலையைப் பாதியில் வெட்டினால் நுனி அழுகும் என்று அடியோடு கிள்ளி எடுப்பார். பிறகு தினமும் செடிக்காகத் தண்ணீரில் ஊற்றும் கார்பன் உரம், ஒரு மூடி. தொட்டிக்குக் கீழே ஒரு வெள்ளை கேன், அதன் மூடிதான் அளவு. ஒரு மூடி. கை தவறி இரண்டு சொட்டு கூடுதலாக விழுந்தால்கூட உச்சுக் கொட்டுவார்.

அவர் கட்டிலைத் தொட்டிக்கு எதிரே போட்டோம். மறுநாள் காலை தொட்டி விளக்கு எரிந்தது. நாடா இலைகளுக்கு நடுவிலிருந்து மீன்கள் கூட்டமாக வெளியே வந்தன. நான் ஸ்பூனை நீட்டினேன், அப்பா தொட்டியைப் பார்த்தபடியே வாயைத் திறந்தார். அரைக் கிண்ணம் உள்ளே போயிற்று. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன். அதற்குப் பிறகு வீட்டில் எல்லோருக்கும் ஒன்று தெளிவாகிவிட்டது. தொட்டி இருந்தால் அப்பா சாப்பிடுவார்.

அண்ணனுக்குப் பேக்கரியில் ராத்திரி வேலை. காலை எட்டு மணிக்கு வந்து சாயங்காலம் ஐந்து வரை அப்பாவோடு இருப்பான். நான் ஆறு மணிக்கு மருந்துக்கடையிலிருந்து நேராக வந்து, மறுநாள் காலை ஏழுக்குக் கிளம்புவேன். இடையில் விழும் இரண்டு மணி நேரத்துக்கும் எதிர்வீட்டு அக்கா வந்து உட்காருவார். அவன் முகத்தில் நானும் என் முகத்தில் அவனும் விழிக்க வேண்டிய அவசியமே இல்லாத ஏற்பாடு. இதைப் போட்டது நான்தான், அதில் எனக்குப் பெருமை வேறு.

நோட்டு போட்டதும் நான்தான். ஒரு நோயாளியை இரண்டு பேர் பார்த்துக்கொண்டால் முதல் ஆபத்து இரட்டை மருந்து. ஒரு குழந்தைக்கு அதன் அம்மா ஒரு தடவை கொடுப்பாள், அது தெரியாமல் அத்தை இன்னொரு தடவை கொடுப்பாள். கடையில் தினமும் பத்துப் பேரிடமாவது இதைச் சொல்லி அனுப்புகிறேன். அதனால் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். மாத்திரை, சாப்பாடு, தண்ணீர், சிறுநீர், முதுகுப் புண். அண்ணன் கோழிக் கிறுக்கலில் எழுதுவான், "8.40 பிரஷர் மாத்திரை 1. சாப்பாடு அரைக் கிண்ணம்." நான் அதன் கீழே எழுதுவேன். ஆறு வருடத்தில் எங்களுக்குள் நடந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான். மாத்திரை விஷயத்தில் இருவரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தோம், ஒரு தடவைகூடத் தப்பு நடக்கவில்லை.

தொட்டிக்கு மட்டும் நான் கட்டம் போடவில்லை. தொட்டி என்ன நோயாளியா?

இரண்டாம் நாள் சாயங்காலம் நான் கேனை எடுத்து மூடியைத் திருகினேன். அப்பா "ஆ..." என்றார். திரும்பிப் பார்த்தேன். கண்ணை உருட்டி, இடது கையைத் தூக்கி, மறுபடியும் "ஆ... ஆ..." என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவர் தொட்டியைத் தொட இந்த வீட்டில் எப்போதும் உரிமை இருந்தது அண்ணன் ஒருவனுக்குத்தான். சின்ன வயசில் நான் கையை விட்டால் "செடி கலைஞ்சிடும், நகரு" என்பார்.

"ஏன், உங்க பையன் ஊத்தினாத்தான் உரம் செடிக்குள்ள போகுமா? நானும் ஊத்துவேன், பாத்துட்டே இருங்க" என்று சொல்லி ஒரு மூடி ஊற்றினேன்.

அன்றிலிருந்து தினமும் இதேதான். நான் கேனைத் தொட்டால் அவர் சத்தம் போடுவார். அவர் சத்தம் போட்டால் எனக்கு வீம்பு ஏறும். ஒரு மூடியைக் கொஞ்சம் உயரத் தூக்கிப் பிடித்து, அவர் பார்க்கும்படி ஊற்றுவேன்.

வெட்டுவதிலும் யுத்தம்தான். ஞாயிறு சாயங்காலம் சிவப்புத் தண்டுகளைக் கணு பார்த்து வெட்டி, தலைகளை இடப்பக்கம் வரிசையாக நட்டேன். மறுநாள் வந்து பார்த்தால் எல்லாம் வலப்பக்கம் போயிருந்தன. நான் பிடுங்கி மறுபடியும் இடப்பக்கம் வைத்தேன். அவன் விடுவானா? பெட்டி படுக்கையோடு வீடு மாறும் குடும்பம் மாதிரி அந்தச் செடிகள் அங்கும் இங்கும் அலைந்தன. வேர்விட அவற்றுக்கு யார் நேரம் கொடுத்தது? அந்த இடமாற்றத்தைப் பார்த்த எனக்கு, அவனும் தினமும் தொட்டிக்குள் கை விடுகிறான் என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாமலும் இல்லை. வெட்டுகிறவன் ஊற்றவும் செய்வான் என்ற அடுத்த படிக்குத்தான் என் புத்தி ஏறவில்லை. கோபம் அங்கேயே வழியை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

மூன்றாவது வாரம் நாடா இலைகள் நிறம் மாறின. பச்சை வெளுத்து, கண்ணாடி மாதிரி ஆகி, தொட்டால் கொழகொழவென்று கையோடு வந்தன. தண்டுச் செடியின் கீழ் இலைகள் உதிர்ந்தன. பசி, வேறென்ன என்று நினைத்தேன். உரம் போதவில்லை. அன்றைக்கு இரண்டு மூடி ஊற்றினேன்.

அப்பா கட்டில் கம்பியை இடது கையால் அடித்தார். சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. முகம் சிவந்து, வாயோரம் எச்சில் வழிய, மூச்சு வாங்க வாங்க அதே "ஆ... ஆ..." எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ.

"அம்மா விஷயத்துலயும் அவன் பேச்சைத்தான் கேட்டீங்க. ஒரு போன் பண்ண உங்களுக்கு மனசு வரல. இப்பவும் அவன்தானாப்பா? வேலை விட்டு ஓடி வந்து உங்களைக் கழுவித் துடைக்கிறவ நானு. என் கையால ஒரு மூடி உரம் ஊத்தினா உங்களுக்கு இவ்வளவு கஷ்டமா இருக்கா?"

அவர் கம்பியை அடிப்பதை நிறுத்தினார். கண்ணில் தண்ணீர் வந்தது. ஆறு வருடமாகச் சொல்ல நினைத்ததைச் சொல்லிவிட்டேன், அது அவருக்குத் தைத்தும் விட்டது என்று நினைத்தேன். சந்தோஷமாக இருந்தது. இதை எழுதாமல் விட்டுவிடலாம், ஆனால் அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர் கண்ணைத் துடைத்துவிட்டு, நோட்டில் "7.15 சாப்பாடு கால் கிண்ணம்" என்று எழுதினேன்.

நாலு நாள் கழித்து, காலை பதினொரு மணிக்குக் கடைக்குப் போன் வந்தது. எதிர்வீட்டு அக்கா.

"கொஞ்சம் வந்துட்டுப் போறியா? தொட்டியில மீனெல்லாம் மேல வந்து வாயைப் பொளக்குது. உங்கண்ணன் ஒத்தையா பக்கெட்டைத் தூக்கிட்டு அல்லாடுது. அப்பா வேற ஒரே சத்தம். எனக்குப் பாக்கவே பயமா இருக்கு."

நான் போனபோது முன்னறைத் தரை முழுக்க ஈரம். தொட்டியிலிருந்து ஒரு குழாய் பக்கெட்டுக்கு இறங்கியது. அண்ணன் முழங்கால் வரை நனைந்து நின்றான். ஆறு வருடத்தில் அவன் நெற்றி மேலே ஏறியிருந்தது, காதோரம் நரைத்திருந்தது. தொட்டித் தண்ணீர் பால் கலந்தது போல் இருந்தது. இறால்கள் ஒன்று விடாமல் மண்ணில் செத்துச் சாய்ந்து கிடந்தன. மீன்களில் பாதி ஏற்கெனவே மிதந்தன, மீதி விளிம்பில் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. அப்பா அத்தனையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

செருப்பை உதறிவிட்டு இரண்டாவது பக்கெட்டை எடுத்தேன். அவன் வடித்தான், நான் குளியலறையிலிருந்து புதுத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். ஒருவர்மேல் ஒருவர் இடிக்காமல், ஒரு வார்த்தை பேசாமல், முக்கால் மணி நேரம். மீன்கள் சாவது நிற்கவில்லை. வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்த மீன்கள் ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் சாய்ந்தன.

கடைசி மீனை வலையில் எடுத்தபோதுதான் நான் கேட்டேன், அவனைப் பார்க்காமல், தொட்டியைப் பார்த்து.

"உரம் ஊத்தினியா?"

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். என் குரலா என்று சந்தேகப்பட்டானோ என்னவோ.

"தினமும் ஒரு மூடி. காலைல வந்ததும். இலை வாடுச்சேன்னு இந்த வாரம் ரெண்டாக்கினேன்."

குனிந்து கேனை எடுத்தேன். தூக்கினால் காற்று மாதிரி இருந்தது. பின்பக்கம் சிறிய எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு மூடி, அளவு மீறினால் மீனுக்கும் செடிக்கும் விஷம். உள்ளே என்ன இருக்கிறது என்றும் போட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் கருவிகளைக் கிருமி போகக் கழுவ வைத்திருப்பார்களே, அந்த வகை மருந்து. பேரைப் பார்த்ததுமே எனக்குத் தெரியும். தினம் நூறு லேபிள் படிக்கிறவள் இந்த ஒரு லேபிளைப் படிக்கவில்லை.

"நானும் ஊத்தினேன். சாயங்காலம். நானும் ரெண்டாக்கினேன்" என்றேன்.

அவன் பக்கெட்டைக் கீழே வைத்தான். "நீ எதுக்கு ஊத்துற? தொட்டி நான் பாத்துக்கற விஷயம்னு உனக்குத் தெரியாதா?"

"எங்க எழுதியிருக்கு?"

"எங்கயும் எழுதலை. நோட்டுல எழுதியிருக்கணும். கட்டம் போட்டது யாரு? மருந்துக்கடைக்காரி நீதானே."

"ஊத்தறவன் ஒரு வரி எழுதறதுக்கென்ன? கை தேஞ்சா போகும்? சொல்லாம செய்யிறது உனக்குப் புதுசா என்ன?"

"ஆரம்பிச்சிட்டியா? உன் நல்லதுக்குத்தானேன்னு..."

"என் நல்லது. எங்கம்மா முகத்தைப் பாக்காதது என் நல்லதா?"

"ஆ..." என்றார் அப்பா.

இருவரும் திரும்பினோம். கண்ணை உருட்டி, இடது கையைத் தூக்கி, "ஆ... ஆ..." மூன்று வாரமாக நான் தினமும் கேட்ட அதே சத்தம். அண்ணன் முகம் வெளுத்தது.

"இதேதான்" என்றான் மெதுவாக. "நான் கேனை எடுத்தா இப்படித்தான் கத்துவாரு. உன் கையால ஊத்தச் சொல்றாருன்னு நினைச்சேன். பொண்ணுன்னா அவருக்கு உசிருல்ல, நான் எது செஞ்சாலும் பிடிக்காதுல்ல." அப்பா பக்கம் திரும்பினான். "'உங்க மகாராணி வர்ற வரைக்கும் என் கையால வாங்கிக்கங்க'ன்னு ஒரு நாள் சொல்லிட்டேன். அழுதாரு."

"நான் எடுத்தாலும் இப்படித்தான்" என்றேன்.

காலையில் ஒருவன் ஊற்றுவதைப் பார்த்தவர், சாயங்காலம் இன்னொருத்தி கேனைத் தூக்கும்போது "ஊத்தியாச்சு, ஊத்தியாச்சு" என்று கத்தியிருக்கிறார். மறுநாள் காலையில் இவனிடம் "அவளும் ஊத்தறா" என்று கத்தியிருக்கிறார். தன் கண் முன்னால் தன் தொட்டிக்குத் தன் பிள்ளைகள் இரண்டு பேரும் மாறி மாறி விஷம் ஊற்றுவதை, படுத்தபடி, நாள் தவறாமல் பார்த்திருக்கிறார். அவரிடம் இருந்ததே அந்த ஒரு சத்தம்தான். அதையும் நாங்கள் எங்கள் வழக்குக்குச் சாட்சியாக வைத்துக்கொண்டோம்.

நான் கட்டிலோரம் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தேன். "அப்பா, புரிஞ்சிடுச்சுப்பா. தப்பு எங்களோடது" என்றேன். அண்ணன் அவர் காலடியில் நின்றான். அப்பா கையை விடுவித்துக்கொள்ளவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை. அன்று மதியம் ஸ்பூனை நீட்டியபோது அவர் வாயைத் திறக்கவில்லை.

செடிகளைக் காப்பாற்றப் பார்த்தோம். அழுகியதை எல்லாம் அண்ணன் வெட்டினான், நான் வலையால் அள்ளினேன். மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்கெல்லாம் போயிற்று. வெட்டி முடித்தபோது மண்ணில் சில கட்டைத் தண்டுகளும் மரக்கட்டையில் கருகிய பாசியும்தான் மிச்சம். மறுநாள் இருவரும் ஒன்றாக மீன்தொட்டிக் கடைக்குப் போனோம். அதே நாடாச் செடி, அதே சிவப்புத் தண்டு, எண்ணி முப்பது நியான் மீன். அப்பா எங்கே வைப்பாரோ அங்கேயே, நடுவில் சிவப்பு வரும்படி, ஆளுக்கொரு இடுக்கியோடு நட்டோம். விளக்கைப் போட்டோம். நன்றாகத்தான் இருந்தது.

அப்பா மேல்கூரையைப் பார்த்தார். தலையை மெதுவாகத் திருப்பி வைத்தேன், கண்ணை மூடிக்கொண்டார். கெஞ்சினேன். அண்ணன் கெஞ்சினான். "எங்க மேல கோவம்னா எங்களைத் திட்டுங்கப்பா, சாப்பாட்டு மேல காட்டாதீங்க" என்று அவன் அழுதான். அவரால் எப்படித் திட்ட முடியும்? உதட்டில் ஸ்பூன் பட்டால் பல்லைக் கடித்துக்கொண்டார். ஐந்தாம் நாள் நர்ஸ் வந்து மூக்கில் குழாய் போட்டுவிட்டுப் போனார்.

மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, இருநூறு மில்லி கஞ்சி. குழாயின் முனையில் ஒரு பெரிய சிரிஞ்சைச் செருகி, உயரத் தூக்கிப் பிடித்து மெதுவாக ஊற்ற வேண்டும். நோட்டில் அதற்கு ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். இப்போது நான் ஏழு மணிக்குக் கிளம்புவதில்லை. அண்ணன் வரும்வரை காத்திருக்கிறேன், கடைக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போகிறேன்.

இன்று காலையும் அவன் வந்ததும் கைகழுவிவிட்டுக் கட்டிலருகே வந்து நின்றான்.

"ஊத்திட்டியா?"

"ஆறு மணிக்கு ஊத்தினேன். இருநூறு."

"அப்ப நான் ஒம்பதுக்கு."

"ஒம்பதுக்கு. அதுக்கு முன்னாடி வேணாம்."

நோட்டில் எல்லாம் இருக்கிறது, இருந்தாலும் வாயால் கேட்டுக்கொள்கிறோம். நாங்கள் பேசும்போது அப்பா அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறார். சத்தம் மட்டும் போடுவதில்லை.